ஊராட்சியில் தலைவர் இல்லாத ஏழு மாதம்: தண்ணீர், குப்பை, வரி எல்லாம் உங்கள் ஊரில் எப்படி நடக்கிறது?

ஊருணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல் நடந்ததே, அதில் ஜெயித்தவள். எங்கள் பதவிக்காலம் இந்த 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் இன்னும் நடக்கவில்லை. தனி அலுவலர் என்று வட்டார வளர்ச்சி அலுவலரைப் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் மாதம் வடக்குத் தெரு போர்வெல் மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) கருகிவிட்டது. இது வருடத்துக்கு ஒரு முறையாவது நடப்பதுதான், மின்னழுத்தம் ஏறி இறங்குகிற ஊர் எங்களுடையது. தலைவர் இருந்த காலத்தில் என்றால் இரவே ரீவைண்டிங் கடைக்குப் போன் போய்விடும், காலையில் ஆள் வந்து குழாயைக் கழற்றி மோட்டாரைத் தூக்குவார்கள், மறுநாள் சாயங்காலம் தண்ணீர் ஏறிவிடும், பில்லை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைப்போம். இந்த முறை பதினோரு நாள் ஆனது. எஸ்டிமேட் வேண்டும், கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடவேண்டியவர் வேறொரு ஆய்வுக் கூட்டத்தில் இருக்கிறார், இப்படியே போனது. அவரைக் குறை சொல்லவில்லை. முப்பது நாற்பது ஊராட்சிக்கு ஒரே ஆள், அவர் எந்த ஊர் மோட்டாரை நினைவில் வைத்திருப்பார்? ஆனால் அந்தப் பதினோரு நாளும் வடக்குத் தெருப் பெண்கள் டிராக்டர் தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்ததில் பாதி அதற்கே போயிற்று.

ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டுவதற்குப் பணம் வந்துவிடுகிறது. கட்டினதை ஓட்டுவதற்குத்தான் வருவதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. சரி, நல்ல விஷயம், குழாயடிச் சண்டை ஒழிந்தது. ஆனால் போர் அதே போர்தான், மேல்நிலைத் தொட்டியும் பழையதுதான், கரண்ட் பில் மட்டும் ஏறியது. அந்தத் தொட்டியை இயக்குகிற எங்கள் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய் ஸ்விட்ச் போடுகிறவர். எந்தத் தெருவுக்கு எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும், எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஊருக்கே தண்ணீர் கிடையாது. அவருக்குச் சம்பளம் மூன்று மாதம் சேர்ந்தாற்போல வருகிறது. நிலைத்த வளர்ச்சி என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்கு நாள் முழுக்கப் பாடம் எடுத்தார்கள். என் கண்ணுக்கு அது அந்த அண்ணனின் சம்பளத்தில் இருக்கிறது.

உங்கள் ஊர்களில் என்ன நடக்கிறது, எழுதுங்கள்.

பழைய ஓவர்சியர்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஊராட்சி ஒன்றியத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைவர் போன் போட்டால் மறுநாள் மோட்டார் வந்துவிடும் என்பது உண்மைதான். ஒரே மோட்டாருக்கு ஒரே வருடத்தில் நாலு முறை காயில் சுற்றியதாகப் பில் வந்ததும் உண்மை, நானே பார்த்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடர் வாங்கியதாகக் கணக்கு இருக்கும், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பாசி இருக்கும். அந்த மாதிரி ஆட்களால்தான் எஸ்டிமேட், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) என்று இத்தனை தாள் சேர்ந்தது. தாளை வேண்டுமென்று யாரும் உண்டாக்கவில்லை.

இன்னொன்று, நம் மாநிலத்தில் கிராம ஊராட்சிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பல ஊராட்சிகளில் ஆயிரம் வீடுகூட இல்லை. இருக்கிற ஒரே நிரந்தர ஊழியர் ஊராட்சி செயலர். வரி வசூல், பிறப்பு இறப்பு விவரம், நூறு நாள் வேலைக் கணக்கு, கூட்ட ஏற்பாடு எல்லாம் அவர் ஒருவர் தலையில். இவ்வளவு சின்ன அமைப்பிடம் ஒரு குடிநீர்த் திட்டத்தைக் கொடுத்து நீயே நடத்து என்றால் எப்படி நடத்தும்? அளவிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஊருணிக்கரை

சார், பொய் பில் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், நானும் பார்த்திருக்கிறேன். செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்தது ஒருவரை ஒருவர் கவனிக்கட்டும் என்றுதான். நிறைய ஊரில் இரண்டு பேரும் கூட்டாகிவிடுகிறார்கள், இல்லையென்றால் சண்டையில் செக்கே நகராமல் கிடக்கிறது. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தலைவர் தப்புச் செய்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்தது. எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றிருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. இன்றைக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

அப்புறம் 2016இல் நடக்கவேண்டிய தேர்தல் 2019 கடைசி வரை நடக்கவில்லையே, அந்த மூன்று வருடமும் இதே தனி அலுவலர் ஆட்சிதான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தார்கள். பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. ஐந்து வருடம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. 1993இல் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது இந்த வியாதியை ஒழிக்கத்தான் அப்படி எழுதினார்கள். முப்பது வருடம் கழித்தும் அதே வியாதி.

பொள்ளாச்சிக் காற்று

ஓவர்சியர் சார் சொன்ன அளவுக் கோளாறு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரிலிருந்து பைக்கில் அரை மணி நேரம் போனால் பாலக்காடு மாவட்டம். கேரளம் முழுக்க ஆயிரம் கிராம ஊராட்சிகூடக் கிடையாது, 941தான். பெரும்பாலானவை நம் ஊர்ப் பேரூராட்சியைவிடப் பெரியவை. பொறியாளர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையம், வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை எல்லாம் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. 1996இல் அவர்கள் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். பணத்தை முதலில் கொடுத்தார்கள், திறமை பின்னால் வளர்ந்தது. நம் பக்கம் திறமை வரட்டும், அப்புறம் பணம் தருகிறோம் என்று உட்கார்ந்திருக்கிறோம், வேலை பழகாமல் திறமை எங்கிருந்து வரும்?

குப்பை விஷயத்தை நேரில் பார்த்தேன். என் அத்தை வீடு அங்கேதான். ஹரித கர்ம சேனா என்று பெண்கள் குழு மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருகிறது, பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தர வேண்டும், கூடவே கட்டணமும் தர வேண்டும். அத்தை முதலில் முணுமுணுத்தார், குப்பையைக் கொடுத்துக் காசும் கொடுக்கணுமா என்று. இப்போது பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறார். அந்தப் பெண்களுக்கு அந்தக் கட்டணம்தான் வருமானத்தின் பெரும்பகுதி.

ஆனால் சின்ன ஊராட்சியால் எதுவுமே முடியாது என்று முடிவு கட்டவேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் கரண்ட் பில்தான் ஊராட்சியைத் தின்கிறது என்று கண்டுபிடித்து, முதலில் மரக்கழிவில் ஓடும் எரிவாயுக் கருவி வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள், அது போதாமல் 2006இல் 350 கிலோவாட் காற்றாலையையே சொந்தமாக வாங்கினார்கள். விலை 1.55 கோடி. 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். அதில் வரும் மின்சாரம் ஊர்த் தேவைக்குப் போக மிச்சம் மின்வாரியத்துக்கு. இதில் நான் வியப்பது காற்றாலையைக்கூட இல்லை, ஒரு கிராம ஊராட்சி 40 லட்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தது என்பதைத்தான். ஊருணிக்கரை அக்கா சொல்கிற ஓட்டுகிற செலவை முதலில் பிடித்தார்கள், அதனால்தான் கையில் காசு நின்றது.

கீழத்தெரு

எல்லோரும் நல்லதாகவே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் இருந்து பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளாட்சி என்றால் ஊர். ஊர் என்றால் ஊரில் யார் பெரியவர்களோ அவர்கள். மதுரை மாவட்டம் மேலவளவில் 1997இல் தலித் தலைவர் முருகேசனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள், தலித்துகளுக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியில் அவர் போட்டியிட்டு ஜெயித்தார் என்பதற்காக. அதே மாதிரித் தனி ஊராட்சிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருடம் தேர்தலே ஒழுங்காக நடக்க விடவில்லை, 2006இல்தான் நடந்தது. 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வந்ததே, அதெல்லாம் பழங்கதை இல்லை. எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டியில் இருந்து இறங்குகிற குழாய் முதலில் மேலத்தெருவுக்குப் போய்த்தான் எங்களுக்கு வருகிறது. கடைசி வீடுகளுக்கு வரும்போது நூல் மாதிரி ஒழுகும். குழாய் பதிக்கும்போதே அப்படித்தான் பதித்தார்கள். பக்கத்து ஊரில் தலைவி பெயரில் வேறொருவர் ஐந்து வருடம் தலைவராக இருந்தார், கையெழுத்து மட்டும் அந்த அம்மாவுடையது.

அதனால் தனி அலுவலரே மேல் என்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. அவரிடம் எங்கள் தெருக்காரர் மனுவோடு போனால் வாங்கி வைத்துக்கொள்வார், அதோடு சரி. ஆனால் 2020இல் எங்கள் வார்டில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி உறுப்பினராக வந்தார். குழாயின் கடைசியில் தனியாக ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைக்க வேண்டும் என்று மூன்று கூட்டத்தில் விடாமல் கேட்டார், நாலாவது கூட்டத்தில் தீர்மானம் ஏறியது, தொட்டி வந்தது. அந்த நாற்காலி இல்லாமல் அந்தத் தொட்டி கிடையாது. தேர்தல் வேண்டும் என்று நானும்தான் கேட்கிறேன். ஊர் தானாக நியாயமாக இருக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

ஊருணிக்கரை

கீழத்தெரு அவர்களே, நீங்கள் எழுதிய குழாய் வரிசையை இதுவரை நான் கவனித்ததே இல்லை. எங்கள் ஊரில் எந்தத் தெரு குழாயின் கடைசியில் இருக்கிறது என்று இன்றைக்கு உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். நீங்கள் சொல்வதுதான் எங்கள் ஊரிலும். ஐந்து வருடம் உறுப்பினராக இருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

வலிகாமம் வாசி

நான் யாழ்ப்பாணம். இந்த இழையை வாசிக்க எங்கள் கதையே போல இருக்கிறது. இங்கே 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்தது. தேர்தலுக்கு மார்ச் 9 என்று திகதி குறித்து, பிறகு பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் (உங்கள் பக்கம் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்) சொன்னது. கடைசியில் 2025 மே 6இல் வாக்களித்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் பிரதேச சபைகளில் (உங்கள் ஊராட்சி போல) தவிசாளரும், அதாவது தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம்.

எங்கள் பக்கம் ஆறு கிடையாது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி நிற்கிறதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். தோட்டத்தில் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது, நைத்திரேற்று கூடின கிணறுகள் இங்கே ஏராளம். வீடு கட்ட அனுமதி கொடுக்கிறது பிரதேச சபை. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் போதிய தூரம் இருக்கிறதா என்று வந்து அளந்து பார்க்க வேண்டியவர்களும் அவர்கள்தான். காணி சிறுத்துக்கொண்டே போகிறது, நாலு பரப்பை (பரப்பு எங்கள் நில அளவு) இரண்டாகப் பிரித்து இரண்டு வீடு, இரண்டு கிணறு, இரண்டு குழி. இந்த அளவுநாடாவைச் சரியாகப் பிடிக்கிற ஒரு சபை இருந்தால் என் பேரப்பிள்ளைகள் கிணற்றுத் தண்ணீர் குடிப்பார்கள். கொழும்பில் இருந்து யாரும் வந்து இதை அளக்கப் போவதில்லை.

புறநகர் 47

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள். சேர்த்தால் சாலை வரும், பாதாளச் சாக்கடை வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும், கிராம சபை இருக்காது. இங்கே பாதிப் பேர் இன்னும் ஆடு மாடு வைத்துத்தான் பிழைக்கிறார்கள். எங்கள் கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். அதை யார் படித்தார்கள் என்று இதுவரை பதில் இல்லை.

பழைய ஓவர்சியர்

கீழத்தெரு எழுதியதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் குழாய் வரிசைக்கு எஸ்டிமேட் போட்டவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். ஊரில் காட்டிய வழியில் அளந்தோம்.

தண்ணீர் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். போரையும் மோட்டாரையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் போர் வற்றியதும் பேச்சும் முடிந்துவிடும். போருக்குத் தண்ணீர் கொடுப்பது கண்மாய். அந்தக் கண்மாய் யாருடையது தெரியுமா? ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி கிராம ஊராட்சிக்கு. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் புறம்போக்காக இருக்கும், அதில் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறையிடம் போக வேண்டும். கரையில் வனத்துறை வளர்த்த கருவேல மரம் நின்றால் அதை வெட்ட இன்னொரு அலுவலகம். ஒரே மழை, மேட்டில் விழுந்து ஊருணிக்கு வந்து சேருவதற்குள் நாலு அலுவலகத்தைக் கடக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஏரிக்கே தனிக் குழு இருந்ததைச் சொல்லி மேடையில் பெருமைப்படுகிறோம், இன்றைக்கு வரத்துக்காலில் மண் அள்ளக் கிராம ஊராட்சி தானாக முடிவெடுக்க முடியாது. நூறு நாள் வேலையில் அள்ளுகிறோம், ஆனால் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று மட்டம் பார்க்காமல் அள்ளினால் தண்ணீர் திரும்பி ஓடும். மட்டம் பார்க்கத் தெரிந்த ஒருவரை மூன்று நாலு ஊராட்சிக்குச் சேர்த்தாவது நியமிக்கலாம். பொள்ளாச்சித் தம்பி கேரளத்தைச் சொன்னபோது எனக்கு இதுதான் தோன்றியது. ஊராட்சிகளை இணைக்க வேண்டாம், ஆளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பொள்ளாச்சிக் காற்று

இதுதான் சார் சரி. மூன்று ஊராட்சிக்கு ஒரு பொறியாளர், ஒரு மோட்டார் மெக்கானிக், ஒரு மாற்று மோட்டார். பெரிய செலவே இல்லை. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டே தருகிறார்கள். அதில் புதிய கட்டுமானத்துக்குத்தான் ஓடுகிறோம், கட்டினால்தான் பெயர்ப்பலகை வைக்க முடியும்.

ஊருணிக்கரை

ஆகஸ்ட் 15 கிராம சபை முடிந்து வந்து எழுதுகிறேன்.

தலைவர் இல்லாத கூட்டம் என்பதால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். எங்கள் ஊர் மக்கள்தொகைக்கு 100 பேர் இருந்தால் போதும், கூட்டம் செல்லும். அதற்கு மேலேயே வந்தார்கள். வடக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பதினோரு நாள் தண்ணீர் இல்லாத கோபம் இன்னும் ஆறவில்லை. பற்றாளராக, அதாவது கூட்டத்தைப் பார்வையிட வந்த அலுவலர் முதலில் ஒன்பது தலைப்பில் நிலைத்த வளர்ச்சி இலக்குப் பட்டியலைப் படித்தார். எங்கள் ஊருக்குத் 'தன்னிறைவான நீர்வளம்' என்ற தலைப்பைத் தேர்வு செய்திருப்பதாகச் சொன்னார். நான் எழுந்து, ஐயா, அந்தத் தலைப்பின் கீழேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று மூன்று தீர்மானம் கொடுத்தேன். ஒன்று, மாற்று மோட்டார் ஒன்று எப்போதும் ஊராட்சியில் இருக்க வேண்டும். இரண்டு, டேங்க் ஆபரேட்டர் சம்பளம் மாதாமாதம் வர வேண்டும், அவரிடம் வால்வு வேலையைப் பழக இன்னொருவரைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, குழாயின் கடைசித் தெருவுக்குத் தனித் தொட்டி. இது கீழத்தெரு அவர்கள் எழுதியதால் வந்தது.

மூன்றாவதுக்கு மேற்கே இருந்து இரண்டு பேர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், எங்களுக்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்று. நான் வரைந்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஆபரேட்டர் அண்ணனே பேசினார். தொட்டி வைத்தால் இரவில் நிரப்பிவிடுவேன், உங்கள் நேரத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். அவர் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டன. கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் போனில் படம் எடுத்துவைத்திருக்கிறேன்.

புறநகர் 47

அக்கா, அந்தத் தீர்மான வாசகத்தை இங்கே போட முடியுமா? எங்கள் ஊருக்கு இன்னும் ஒரு கிராம சபையாவது மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊருணிக்கரை

இன்றிரவு தட்டச்சு செய்து போடுகிறேன் தம்பி. ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், மோட்டாரின் குதிரைத்திறனை உங்கள் ஆபரேட்டரிடம் கேட்டு எழுதுங்கள், அலுவலகத்தில் கேட்டால் தப்பாகச் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் புத்தகத்தை மூடவிடாமல் அங்கேயே உட்கார்ந்து எழுதி முடிக்கச் சொல்லுங்கள்.